தட்டில் ஒன்றும் மிஞ்சக் கூடாது

அந்த மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு கூடத்தில் பெட்டி அண்ணன் என்று ஒருவர் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை. "பெட்டி! பெட்டி!" என்று நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்துகிற மனிதருக்கு மாணவர்கள் வேறு என்ன பேர் வைப்பார்கள்?

கத்துவதற்குக் காரணம் இருந்தது. கூடத்தில் பன்னிரண்டு எஃகு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஈர வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருக்கும் ஒருவர். உயிரோடு இருக்கும்போதே, "நான் போன பிறகு என் உடம்பை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மகராசர்கள், மகராசிகள். ஒவ்வொரு மேசைக்கடியிலும் அதே எண் போட்ட, மூடி வைத்த பெட்டி. மேலிருந்து எதை வெட்டி எடுத்தாலும், தோல் துணுக்கானாலும் கொழுப்புப் பிசிறானாலும், அந்தப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். கடைசியில் அவரவருடையது அவரவரோடு வீட்டாரிடம் போய்ச் சேர வேண்டும்.

ஒரு தடவை ஒரு பையன் கழற்றிய கையுறையோடு நகத்தளவு தோலையும் சேர்த்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான். அண்ணன் கூடையைத் தரையில் கவிழ்த்தார். இடுக்கியால் அந்தத் துணுக்கைத் தேடி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, "போ, அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் பெட்டியில போடு" என்றார். பையன் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பையனும் சிரிக்கவில்லை.

பட்டப்பேர் விஷயத்திலும் அப்படித்தான். ஐந்தாம் மேசைக்காரரின் தொந்தியைப் பார்த்து எவனோ ஏதோ பேர் வைத்தான் என்று காதில் விழுந்ததும் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பட்டப்பேர் வைக்கணும்னா எனக்கு வைங்கடா. நான் திருப்பித் திட்டுவேன். அவங்களால திட்ட முடியுமா?" என்றார். அன்றோடு அது நின்றது. அவருக்கு மட்டும் இன்னும் இரண்டு பேர் கூடுதலாகக் கிடைத்தது.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆளுக்குத்தான் அந்த வருடம் அது நடந்தது.

நாலாம் மேசையில் இருந்தவர் பஸ் பணிமனையில் தலைமை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்கு எண் மட்டும்தான். அண்ணனுக்குத் தெரியும், ஏனென்றால் மனிதர் நாலு வருடத்துக்கு முன் கையெழுத்துப் போட நேரிலேயே வந்திருந்தார். கூடவே மகள். அவளும் அதே பணிமனையில் மெக்கானிக்; நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு ஏறியிருந்தது.

படிவத்தை நிரப்பிவிட்டு, "இங்க பிரிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. மூடறது யாரு?" என்று கேட்டார் மெக்கானிக்.

முப்பது வருடத்தில் அண்ணனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "நான்தாங்க" என்றார்.

"அப்ப உங்ககிட்ட ஒரு வார்த்தை." மேசை மேல் டீ வந்த தட்டு இருந்தது. கிளாசுகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அந்தத் தட்டைக் கவிழ்த்து, அடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "வண்டியைப் பிரிச்சா நட்டு போல்ட்டெல்லாம் தட்டுல போடுவோம். மூடினப்புறம் தட்டை இப்படிக் கவுத்துத் தட்டிப் பார்ப்பேன். ஒண்ணு விழுந்தாலும் அது நான் பார்த்த வேலை இல்ல. அடுத்த வண்டியோட நட்டு வந்து கலந்துச்சுன்னா அதை விடக் கேவலம். எனக்கு எங்க வீட்டம்மா பக்கத்துல இடம் வாங்கி வச்சிருக்கேன். பாதி ஆளா அங்க போய்ப் படுத்தா அவ என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. தட்டுல ஒண்ணும் மிஞ்சக் கூடாது. சரியா?"

"அப்பா, போதும் வாங்க. அவருக்கு அவர் வேலை தெரியாதா?" என்று மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா. மூடறவர்கிட்ட வாக்கு வாங்கிட்டு வர்றேன்."

"மிஞ்சாதுங்க. என் வாக்கு" என்றார் அண்ணன். வெளியே போகும்போது மனிதர் வாசலில் நின்ற ஆம்புலன்சுக்குக் காது கொடுத்து, "பெல்ட்டு தளர்ந்திருக்கு, இன்னைக்கோ நாளைக்கோ அறுந்துடும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அறுந்தது. அந்த மனிதருக்குக் காதுதான் எல்லாம்.

வருடம் முடிந்தது. மேசைகளை ஒவ்வொன்றாக மூடுகிற வாரம் அது. மூடுவது என்றால், உடம்பை மரப்பெட்டியில் கிடத்தி, எடுத்தவற்றையெல்லாம் அதனதன் இடத்தில் வைத்து, பொடி எலும்புகளை மட்டும் ஒரு வெள்ளைத் துணிப்பையில் கட்டித் தலைமாட்டில் வைத்து, எட்டுத் திருகாணி போட்டு இறுக்குவது. ஒன்பதாம் மேசை அம்மாளின் பெட்டியை அன்று காலை அவருடைய மகன் வந்து வாங்கிப் போயிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். மெக்கானிக்கின் பெட்டியை மறுநாள் பத்து மணிக்கு மகள் வாங்க வருகிறாள்.

பகல் பன்னிரண்டரை இருக்கும். அண்ணன் மெக்கானிக்கின் பொடி எலும்புகளை, பெட்டிக்குள் தனியாக வைத்திருந்த நாலாம் எண் தட்டிலிருந்து எடுத்து ஒரு துணியில் பரப்பினார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்ததால் வெறுமே பரப்பாமல் வலது வலப்பக்கம், இடது இடப்பக்கம் என்று ஜோடி சேர்த்து வைத்தார். காதுக்குள் பக்கத்துக்கு மூன்று எலும்பு உண்டு. அதில் ஒன்றுக்குச் சுத்தி எலும்பு என்று பேர். ஒரு அரிசி நீளம், சின்னச் சுத்தியல் மாதிரியே இருக்கும். அந்த இரண்டையும் எதிரும் புதிருமாக வைத்தார். சேரவில்லை. திருப்பி வைத்தார். சேரவில்லை. லென்சை எடுத்துப் பார்த்தார்.

இரண்டும் இடது.

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த மனிதருக்கு இரண்டு இடது காது இருக்கும்? ஒன்று பழுப்பு நிறம். மற்றது நல்ல வெள்ளை. வெள்ளையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. தேர்வில் வரிசையாக வைத்து, "இது என்ன எலும்பு, எந்தப் பக்கத்தது?" என்று கேட்பதற்கு எடுக்கிற எலும்புகளை மட்டும்தான் வெளுப்பு மருந்தில் ஊறவைப்பார்கள். இந்தத் தடவை சுத்தி எலும்புக்கு இரண்டு கண்ணாடிக் கிண்ணம் வைத்தார்கள். ஒன்றில் நாலாம் மேசையின் வலது, மற்றதில் ஒன்பதாம் மேசையின் இடது. மேசை எண் எழுதிய சீட்டைக் கிண்ணத்தில்தான் ஒட்டுவார் அண்ணன். அன்றைக்குக் கிண்ணம் ஈரமாக இருந்து பசை பிடிக்கவில்லை. சனியன் போகட்டும் என்று கிண்ணத்தின் முன்னால், மேசை மேல் ஒட்டினார். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்தவர் இரண்டு கிண்ணத்தையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மாற்றி வைத்திருக்கிறார். அண்ணன் சீட்டை நம்பி எடுத்து, அதது அதன் தட்டில் போட்டிருக்கிறார்.

அது ஒரு தப்பு. இரண்டாவது தப்பு முந்தின நாள் மாலை நடந்தது. ஒன்பதாம் மேசையை மூடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரியிடமிருந்து போன். "சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. நீங்க இன்னும் அங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?" காது எலும்பு ஆறு இருக்கிறதா என்று எண்ணினார். ஆறு இருந்தது. பையைக் கட்டிவிட்டுக் கிளம்பினார். எண்ணினாரே தவிரப் பார்க்கவில்லை. காலையில் அந்த மகன், "எல்லாம் இருக்காண்ணே?" என்று கேட்டபோது வாய் கூசாமல், "எல்லாம் இருக்குப்பா. நானே பார்த்தேன்" என்று சொன்னதும் இவர்தான்.

வெள்ளை எலும்பை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டு துறைத் தலைவி அறைக்குப் போனார்.

துறைத் தலைவி கெட்டவர் இல்லை. முதல் நாள் வகுப்பில் மேசைகளில் படுத்திருக்கிற பன்னிரண்டு பேருக்கும் எழுந்து நின்று வணக்கம் சொல்லாமல் மாணவர்களைக் கத்தியைத் தொட விடாதவர். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அண்ணே, இது அரிசி அளவு எலும்பு."

"ஆமாம் மேடம்."

"யாருக்கும் தெரியப்போறதில்ல."

"தெரியாது மேடம்."

"ஆனா இது வெளிய தெரிஞ்சா? அங்க உடம்புகளை மாத்திக் குடுத்துடறாங்கன்னு கை கால் வச்சுப் பேசுவாங்க. நாலு பேர் உடல் குடுக்கலாம்னு நினைச்சிருப்பாங்க, அவங்களும் பின்வாங்கிடுவாங்க. அடுத்த வருஷம் பசங்க எதை வச்சுப் படிப்பாங்க?"

தப்பான பேச்சு என்று அண்ணனால் சொல்ல முடியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "மேடம், நான் அந்த மெக்கானிக்குக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். அவருடைய குரல் உடைந்ததைக் கேட்டுத் துறைத் தலைவிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சரி, போங்க. ஆனா அந்த வீட்டுல அழுதுட்டிருக்கறவங்களை இன்னும் அழ வைக்காதீங்க. ஒரு காகிதம் உள்ள விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. திறந்து, மாத்தி வச்சுட்டு வந்துடுங்க. இங்க நடந்ததை நான் அறிக்கையா எழுதறேன். உங்க பேர்லதான் எழுதணும்."

"எழுதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஆட்டோவில் போகும்போது பொய்யை நாலு தடவை ஒத்திகை பார்த்தார். காகிதம் விட்டுப்போச்சு. ஒரே நிமிஷம். முகத்தைத் திறக்க வேண்டாம். பொய்யாக இருந்தாலும் நல்ல பொய். யாருக்கும் வலிக்காத பொய். இடையில் வீட்டுக்காரி வேறு கூப்பிட்டாள். "சாப்பிட்டீங்களா?"

"இல்ல. ஒரு எலும்பு மாறிப்போச்சு."

"கட்டின நாள்லேருந்து இதேதான். எலும்புக்கு இருக்கற மரியாதை இந்த வீட்டுல யாருக்கும் இல்ல" என்று வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் மேசை அம்மாளின் மகன் பேக்கரிக்காரர். கீழே கடை, மேலே வீடு. கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தெருமுனை வரைக்கும் ரொட்டி வாசனை. பேக்கரிக்காரர் முழங்கை வரை மாவோடு வந்தார். அண்ணன் அடுப்பைப் பார்ப்பதைக் கவனித்து, "அம்மா ஒரு நாளும் அடுப்பை அணைச்சதில்லண்ணே. இன்னைக்கு நான் அணைச்சா திட்டுவாங்க" என்றார்.

"ஒரு சின்ன விஷயம் தம்பி. ஒரு காகிதம் உள்ள விட்டுப்போச்சு. தலைமாட்டுப் பக்கம் ரெண்டு திருகாணி மட்டும் கழட்டி..."

"அதுக்கென்னண்ணே, தாராளமா." பேக்கரிக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன், என்ன, எதற்கு ஒன்றும் இல்லை. படியேறிக்கொண்டே, "அப்பா, யாரு வந்திருக்காங்க பாருங்க. காலைல சொன்னேனே, எல்லாம் இருக்கு, நானே பார்த்தேன்னு சொன்னாரே, அவர்தான்" என்றார்.

மேலே முன்னறையில் இரண்டு பெஞ்சு மேல் பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், பெட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்து அண்ணனின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டார்.

"தம்பி, ரெண்டு வருஷமா எனக்குத் தூக்கம் இல்லை. அவ பிடிவாதமா எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டா. நான்தான் தவிச்சுட்டிருந்தேன். யாரு கையில இருக்காளோ, எப்படி வச்சிருக்காங்களோன்னு. காலைல இவன் வந்து நீங்க சொன்னதைச் சொன்னான் பாருங்க, அப்புறம்தான் ரெண்டு வாய் சாப்பிட்டேன்."

பெரியவர் சந்தேகப்பட்டிருந்தால் அண்ணன் சாதித்திருப்பார். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு நம்புகிறவரிடம் காகிதக் கதையை எப்படிச் சொல்வது? ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றோடு போயிற்று.

"ஐயா, நான் பார்க்கலை" என்றார்.

"என்னது?"

"எண்ணினேன். பார்க்கலை. காகிதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மாவோட காது எலும்பு ஒண்ணு இங்க இருக்கு." குப்பியை நீட்டினார். "இன்னொருத்தரோடது ஒண்ணு இதுக்குள்ள இருக்கு. தப்பு என்னுது. மாத்தி வைக்கத்தான் வந்தேன்."

பேக்கரிக்காரரின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும்! மாவுக் கையோடு அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நம்பித்தானேய்யா குடுத்தோம்? காலைல வாய் நிறைய சொன்னியே! இப்ப வந்து காகிதம்னு கதை விடறே. இன்னும் என்னென்ன மாறியிருக்கு? உள்ள இருக்கறது எங்கம்மாதானா?"

"அம்மாதான். சத்தியமா அம்மாதான்."

"உன் சத்தியத்தை யாரு கேட்டா?"

அண்ணன் விலக்கவில்லை. அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றார். அடி விழவில்லை.

"விடுடா அவரை" என்றார் பெரியவர். "விடுன்னு சொல்றேன்ல. சொல்லாம போயிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா? அடக்கத்துக்கு நேரமாகுது. வேலையை முடிக்கட்டும்."

மகன் கையை எடுத்தார். சட்டையில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அண்ணன் தலைமாட்டுத் திருகாணிகளைக் கழற்றி, மூடியை ஒரு கை நுழைகிற அளவுக்கு மட்டும் நெம்பித் தூக்கினார். பெரியவர் எட்டிப் பார்க்க வந்தார்.

"வேண்டாங்கய்யா. நீங்க அனுப்பி வச்சப்போ இருந்த முகத்தையே மனசுல வச்சுக்குங்க."

பெரியவர் தலையாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பை கைக்கு வந்தது. பரப்பி வைக்கத் துணி கேட்டார் அண்ணன். மகன் முறைத்துக்கொண்டே கீழே போய், மாவு மூடுகிற வெள்ளைத் துணி ஒன்றைத் துவைத்த மடிப்போடு கொண்டுவந்தார். எலும்புகளைப் பரப்பி லென்சில் பார்த்தார் அண்ணன். இரண்டு வலது சுத்தி. ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. வெள்ளையை எடுத்து இன்னொரு குப்பியில் போட்டு மூடிய பிறகுதான் அவருக்கு மூச்சே சரியாக வந்தது. கொண்டுவந்த குப்பியைத் திறந்து, அந்த அம்மாளின் எலும்பைப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"இவ்வளவு சின்னதா? இதுக்கு என்ன வேலை?"

"சத்தம் முதல்ல வந்து மோதற எலும்பு இதுதாங்க. நீங்க கூப்பிட்டதெல்லாம் இதைத் தாண்டித்தான் அம்மாவுக்குள்ள போயிருக்கும்."

பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்தாறு வருஷத்துல நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை தம்பி. இந்தா, இந்தான்னுதான்." உள்ளங்கையை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். "இந்தா..." என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மகன் வந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார்.

எலும்பைப் பெரியவரே பையில் போட்டார். ஒவ்வொன்றையும் மகனுக்குக் காட்டி, இடது எது, வலது எது என்று சொல்லிச் சொல்லி மற்றதைப் போட்டார் அண்ணன். இந்தத் தடவை எண்ணவும் செய்தார், பார்க்கவும் செய்தார். திருகாணியை மகன்தான் இறுக்கினார். அண்ணன் படியிறங்கித் தெருவில் கால் வைத்ததும் பின்னாலிருந்து அவர், "அந்த இன்னொருத்தர் வீட்டுலயும் சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லணும்" என்றார் அண்ணன்.

மறுநாள் பத்து மணிக்கு மெக்கானிக்கின் மகள் வந்தாள். பணிமனையிலிருந்து நேராக, வேலை உடையிலேயே. சின்னதாக ஒரு வேன் கொண்டுவந்திருந்தாள். துறைத் தலைவியும் வந்து அண்ணன் பக்கத்தில் நின்றார். அறிக்கை அவர் கையில் இருந்தது. அடியில் அண்ணனின் கையெழுத்து. மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

பெட்டி திறந்தபடி இருந்தது; உடம்பைத் துணியால் முழுக்க மூடியிருந்தார்கள். அண்ணன் பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஈரக் கிண்ணம், சீட்டு, சம்பந்தி வீட்டுக்காரர்கள், எண்ணியது, பார்க்காமல் விட்டது. அப்பாவின் வலது காது எலும்பு ஒரு நாள் பொழுது வேறொருவர் பெட்டியில் இருந்தது. இப்போது திரும்பி வந்துவிட்டது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"காது எலும்பா?"

"ஆமாம்மா."

"மத்த எதுவா இருந்தாலும் பரவாயில்லை. காதா?" குரல் உயர்ந்தது. "அவர் காதை வச்சுத்தானே சார் எனக்கு வேலையே சொல்லிக் குடுத்தார்? கண்ணை மூடிக்கிட்டு இன்ஜினைக் கேளுன்னு சொல்வார். அந்தக் காதைக் கொண்டுபோய் வேற பெட்டியில போட்டிருக்கீங்க!"

"தப்புதாம்மா."

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். எனக்கு எங்க தெரியப்போகுது?"

"உங்களுக்குத் தெரியாதும்மா. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துறைத் தலைவி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். மற்ற மேசைகள் பதினொன்றும் காலியாகக் கழுவித் துடைத்துக் கிடந்தன.

அண்ணன் துணிப்பையை அவள் கண்ணெதிரே தலைமாட்டில் வைத்தார். பிறகு நாலாம் எண் போட்ட தட்டை எடுத்து வந்து, பெட்டிக்குப் பக்கத்து மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணி மேல் கவிழ்த்தார். அடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் திரும்பினாள். கவிழ்ந்த தட்டைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அதுவரைக்கும் விறைப்பாக நின்றவள் முகம் அப்படியே கலைந்து போயிற்று. ஓசை வராமல் அழுதாள். அழுதுகொண்டே கிட்டே வந்து, தட்டைத் தூக்கி மறுபடி கவிழ்த்து, அப்பா தட்டுவது போலவே அவளும் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டை ஓரமாக வைத்துவிட்டு, துணியை மூலைக்கு மூலை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை.

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிண்ணே, மூடுங்க" என்றாள்.